ஒரே சுரத்தில் ஐம்பது ஆண்டு

முதல் நாள், வியாழன்: ஊர்

இரவு பஸ் என்னைத் திருவாரூரில் இறக்கிவிட்டபோது மணி ஐந்தேகால். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து படர்ந்து கிடக்கிறது. மாசிப் பனி வரப்பை விட்டு இன்னும் எழவில்லை.

ஊருக்குள் இறங்கியதும் காதில் விழுந்தது கோயிலின் மின்மேளம். ஸ்விட்சைத் தட்டினால் முரசும் மணியும் சேகண்டியும் தாமாகவே அடித்துக்கொள்ளும் இயந்திரம். அர்ச்சகர் ஒருவரே விளக்கேற்றி, நைவேத்தியம் வைத்து, தீபமும் காட்ட வேண்டிய சிறிய கோயில்களில் வேறு வழி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மனம் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதே நேரத்துக்கு இங்கே நாதசுரத்தில் பூபாள ராகம் கேட்கும். சுவாமி புறப்படுகிறார் என்றால் கம்பீர நாட்டையில் மல்லாரி. இரவு நீலாம்பரி கேட்டால் பள்ளியறை சாத்தப் போகிறார்கள், படுக்கப் போகலாம் என்று பாட்டி சொல்வாள். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கடிகாரம் கிடையாது. யாரும் நேரம் தவறியதில்லை.

அந்த நேரத்தைக் காத்தவர்களுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா. கோயிலில் ஐம்பது ஆண்டுகளாக வாசித்த பெரிய மேளக் கலைஞர்களை ஊரே கூடி மரியாதை செய்ய வேண்டும் என்பது சித்தப்பாவின் பல நாள் ஆசை. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எடுத்த காரியத்தை விடமாட்டார். எனக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறார். ஒவ்வொருவரைப் பற்றியும் மேடையில் படிக்க ஒரு பக்கம் எழுத வேண்டும். பரிசுப் பொருள் வாங்கி வர வேண்டும்.

திண்ணையில் உட்கார்ந்து பட்டியலைக் காட்டினார். நாதசுரம், தவில், தாளம். மூன்று பெயர்கள், மூன்று பொன்னாடைகள், மூன்று கேடயங்கள்.

"ஒத்து ஊதிய தாத்தா எங்கே, சித்தப்பா?"

"இருக்கிறார். எண்பத்தொரு வயது. ஆனால் அவர் என்ன வாசித்தார் என்று மேடையில் சொல்வது? ஒரே சுரம்தானே, தம்பி."

சித்தப்பா மனம் நோகச் சொல்பவர் அல்லர். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஒத்தைப் பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன்: அதுவும் நாயனம் என்கிற நாதசுரம் போலவே இருக்கும், நீளம் மட்டும் சற்றுக் கூடுதல். விரல் வைக்கத் துளைகள் கிடையாது. சுருதி சேர்ப்பதற்கென்று அடியில் இருக்கும் துளைகளை மெழுகால் அடைத்துக்கொள்வார்கள். ஒத்துக்காரர் ஊதுவது ஆதார சட்ஜம் என்னும் 'ஸ' ஒன்றைத்தான். ஆனால் அது அறுபடக் கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் அடுத்த மூச்சை இழுக்க வேண்டும். சுவாமி நான்கு வீதியும் சுற்றி வர மூன்று மணி நேரம் ஆனால் அந்த மூன்று மணி நேரமும் ஊத வேண்டும். நாயனக்காரர் நிறுத்தலாம், தவில் ஓயலாம். ஒத்து நிற்காது. மின்சாரச் சுருதிப் பெட்டி வந்த பிறகு கல்யாண மேளங்களிலிருந்து முதலில் கழன்றவர் ஒத்துக்காரர்தான்.

பிற்பகல் அவர் வீட்டுக்குப் போனேன். காங்கிரீட் போட்ட ஒற்றை அறை. கட்டிலில் உட்கார்ந்து முறத்தில் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் தாத்தாவின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. ஒத்து எங்கே ஐயா என்று கேட்டேன். கையால் மேலே காட்டினார். எனக்குப் புரியவில்லை.

"இங்கே முன்பு கூரை வீடு, தம்பி. கஜா புயலில் விட்டம் இறங்கிவிட்டது. ஒத்து அதற்கடியில்."

2018 நவம்பர் 16 விடியற்காலையில் அந்தப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அன்றிரவு எங்கள் ஊரில் கூரை வீட்டுக்காரர்கள் எல்லோரும் கோயில் மண்டபத்தில்தான் ஒதுங்கியிருந்தார்கள். இவர் வீட்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை, பேத்தியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். காற்று அடங்கியபோது தென்னை ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. மின்சாரம் கிடையாது, பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. நாயனக்காரப் பெரியவர் நனைந்த உறையிலிருந்து வாத்தியத்தை எடுத்துத் துடைத்துவிட்டு, "விடிந்துவிட்டதே, வாசிக்க வேண்டாமா?" என்றாராம்.

"ஒத்து இல்லாமல் எப்படி வாசித்தார்?" என்றேன்.

பெரியவர் வாயை மூடிக்கொண்டு ம் என்று சுருதி பிடித்துக் காட்டினார். இடக்கை தன்னையறியாமல் மேலே வந்து, இல்லாத வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டது. அன்று பூபாளம் முடியும் வரை அப்படியே நின்றாராம். எண்பத்தொரு வயதில், உளுந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் பிடித்த அந்தச் சுருதி இம்மியும் ஆடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பட்டியலில் நான்காவது பெயரை நானே எழுதினேன். சித்தப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் பொன்னாடை வேண்டாம், ஒத்து வாங்கப் போகிறேன் என்றேன். "இரண்டு நாளில் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் நாள், வெள்ளி: நரசிங்கம்பேட்டை

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் திருவிடைமருதூரையும் ஆடுதுறையையும் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. கண்ணை மூடினால் கடந்துபோய்விடும் அளவுக்குச் சிறிய ஊர். தமிழ்நாட்டில் நல்ல நாயனம் வேண்டுமென்றால் வித்வான்கள் வந்து நிற்பது இங்கேதான். 2022-ல் இந்த ஊர் நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பட்டறையின் வாசலில் காலைப் போட்டதும் மர வாசனை. ஒரு மூலையில் பழைய தூண்கள், விட்டங்கள், உத்திரங்கள் அடுக்கியிருந்தன. இடித்த வீடுகளிலிருந்து வாங்கியவை. நாயனத்தின் உடலான உலவுக்கு ஆச்சா மரம்தான் வேண்டும், அதுவும் பச்சை மரம் ஆகாது. பல காலம் ஒரு வீட்டைத் தாங்கி, ஈரமெல்லாம் வற்றி இறுகிய மரம்தான் வெடிக்காமல் நிற்கும். கீழே மணி போல விரியும் அணசுக்கு வாகை. மேலே கெண்டை என்னும் சிறு உலோகக் குழல், அதன் மேல் வாயில் வைத்து ஊதும் சீவாளி. விரலுக்கு ஏழு துளைகள், அவற்றுக்குக் கீழே சுருதிக்கென்று இன்னும் ஐந்து. மொத்தம் பன்னிரண்டு. ஒரு துளை நூலளவு நகர்ந்தாலும் அந்தச் சுரம் காலத்துக்கும் கோணலாகவே பேசும் என்றார் ஆசாரி. அறுபதை ஒட்டிய வயது. பேசிக்கொண்டே உலவின் உள்ளே விரலைவிட்டுத் தடவிப் பார்த்தபடி இருந்தார்.

இந்த ஊரின் பெரிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் இங்கே நின்று அதைக் கேட்பது வேறு. முன்பெல்லாம் வழக்கத்தில் இருந்தது திமிரி. குட்டையானது, சுருதி கூடியது, தெருக்கோடி வரை பாயும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு அந்தச் சுருதி ஒத்துவரவில்லை. பாட்டில் இருக்கும் ஆழம் நாயனத்திலும் வர வேண்டும், 'ம' சுரத்தின் ஒரு வகையான சுத்த மத்தியமம் உள்ளபடி பேச வேண்டும் என்று இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரியிடம் வந்து உட்கார்ந்தார். ஒருவர் ஊதிப் பார்ப்பார், மற்றவர் கடைந்து பார்ப்பார். இப்படி உருவானதுதான் இன்று எல்லோரும் வாசிக்கும் பாரி நாயனம். வாசித்தவருக்கு ஊர் ஊராகப் புகழ். வாத்தியத்தைச் செய்தவரின் பெயரும் இங்கே தொழில் செய்பவர்கள் வாயில் மரியாதையோடு வருகிறது. அதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்து, வந்த காரியத்தைச் சொன்னேன்.

"ஒத்தா?" என்றார் ஆசாரி. கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒத்துதான் ஐயா. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்."

"கடைசியாக எப்போது செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. என் மகன் ஒத்தைக் கடைந்ததே இல்லை, கேட்டு வந்தால்தானே?" மகன் பக்கத்தில்தான் நின்றான். ஆமாம் என்று தலையாட்டினான். புதிதாகச் செய்ய இரண்டு நாள் போதவே போதாது, துளையிட்ட மரத்தை ஆறப்போட வேண்டும், அவசரப்பட்டால் உங்கள் பெரியவர் வாயில் வைக்கும்போதே வெடிப்பு விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எழுந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. புயலையும், விட்டம் விழுந்ததையும், பெரியவர் வாயால் சுருதி பிடித்ததையும் சொன்னேன். ஆசாரி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனைப் பரணில் ஏறச் சொன்னார்.

கோணிக்குள் சுற்றி வைத்திருந்த நான்கைந்து பழைய உலவுகள் இறங்கின. அவற்றில் ஒன்றில் விரல் துளை இல்லை. யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போன ஒத்து. அப்பா காலத்து வேலை என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அணசு உடைந்திருந்தது. உலவில் மயிரிழைக் கீறல் ஒன்று. நகத்தால் அதன் மேல் இழுத்துக் காதுக்கருகில் வைத்துக் கேட்டார்.

"உள்ளே போகவில்லை. மேலோடு நிற்கிறது. உங்கள் ஊர் நாயனம் எத்தனை கட்டைச் சுருதி?"

அங்கேயே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் நாயனக்காரப் பெரியவர் வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டு, இரண்டு கட்டை என்று சொன்னார். ஆசாரி தலையசைத்தார். கீறலை அடைத்து, புது அணசு மாட்டி, உள்ளே எண்ணெய் விட்டு ஊறப்போட்டு, சுருதிக்கு மெழுகு வைத்து நாளை மதியம் தருவதாக ஏற்றுக்கொண்டார். எண்ணெய் வைத்ததும் மரத்தின் நிறம் திரும்பியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். புழுதி படிந்த சாம்பல் நிறம் போய், உள்ளேயிருந்து கருஞ்சிவப்பு எழுந்து வந்தது. மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒத்துக்கு உள்வாய் எப்படி அகலும் என்று விளக்கத் தொடங்கினார் ஆசாரி.

இரவு கும்பகோணத்தில் தங்கல். மாலையில் ஆதிகும்பேசுவரர் கோயிலுக்குப் போய் அங்கே வைத்திருக்கும் கல் நாயனத்தைப் பார்த்தேன். கல்லிலேயே செதுக்கி, உள்ளே துளையிட்டு வாசிக்கும்படி ஆக்கியிருக்கிறார்கள். அதைத் தூக்கிப் பிடித்து ஊதியவர்களின் தோள்களை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மூன்றாம் நாள், சனி: திருவாவடுதுறை

ஒத்து தயாரானால் போதாது, சீவாளி வேண்டும். நரசிங்கம்பேட்டைக்குப் பக்கத்திலேயே திருவாவடுதுறை. நாயனம் அங்கே என்றால் சீவாளி இங்கே. காவிரிப் பக்கத்தில் விளையும் கொறுக்கைத் தட்டையை வெட்டி, பதப்படுத்தி, தட்டையாக்கி, நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். விரல் நீளம்கூட இல்லை. வாத்தியம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்த நாணல் துண்டு சொன்னபடிதான் பேசும். நாயனக்காரர்கள் வாசிப்பதற்கு முன் வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டே இருப்பதையும், வாத்தியத்தின் கழுத்தில் மாற்றுச் சீவாளிகளும் ஊசியும் நூலில் கோத்துத் தொங்குவதையும் பார்த்திருப்பீர்கள்.

சீவாளி கட்டும் அம்மா என்னிடம் முதலில் கேட்டது, "வாசிப்பவருக்கு என்ன வயது?" எண்பத்தொன்று என்றேன். "பல் இருக்கிறதா?" முன்பல் இரண்டு இல்லை. "அப்படியென்றால் இறுக்கமான சீவாளி கொடுத்தால் பெரியவர் திணறிப்போவார்" என்று, கட்டி வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாக உதட்டில் வைத்து ஊதிப் பார்த்து நான்கைப் பொறுக்கினார். ஒரு கலைஞருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. பல் எத்தனை என்று கேட்டுச் சீவாளி கொடுக்கிறார்கள்.

கோமுத்தீசுவரர் கோயில் வாசலில் கொஞ்சம் நின்றேன். 1898-ல் திருமருகலில் பிறந்த ராஜரத்தினம் பிள்ளை, இந்த ஊர் ஆதீன வித்வானாகி, ஊர்ப் பெயராலேயே உலகத்துக்குத் தெரிந்தார். தோடி என்றால் அவர்தான். 1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது. 1956 டிசம்பரில் மறைவு. அதே 1956-ல்தான் நாதசுர வித்வான் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. ராஜரத்தினம் பிள்ளைக்குப் பக்கத்தில் தவில் வாசித்த நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரும் நிலைத்துவிட்டது. கச்சேரி நோட்டீசில் ஒத்துக்காரரின் பெயர் அச்சாகி நான் பார்த்ததே இல்லை.

மதியம் பட்டறையில் ஒத்தைக் கையில் வாங்கினேன். ஆசாரி கேட்ட தொகை நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. மரத்துக்கு மட்டும்தான் வாங்கினார், கூலி வேண்டாம் என்றுவிட்டார். பஸ்ஸில் அதை மடியில் குழந்தை போல வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

நான்காம் நாள், ஞாயிறு: விழா

காலையிலேயே சித்தப்பாவோடு எனக்கு ஒரு வாக்குவாதம். அழைப்பிதழில் மாலை ஐந்து மணிக்கு 'மங்கள இசை' என்று இருந்தது. யார் வாசிக்கிறார்கள் என்றேன். நம் பெரியவர்கள்தான் என்றார். எந்த விழாவிலும் நடப்பதுதான் இது. நாற்காலியை இழுத்துப் போடும் சத்தத்துக்கும் ஒலிபெருக்கியைச் சரிபார்க்கும் சத்தத்துக்கும் நடுவே அவர்கள் வாசிப்பார்கள், பெரிய மனிதர்கள் வந்ததும் கைகாட்டி நிறுத்துவார்கள். தங்களுக்கு நடக்கும் பாராட்டிலும் அவர்கள் அப்படித்தான் வாசிக்க வேண்டுமா? இன்றைக்காவது அவர்கள் நாற்காலியில் உட்காரட்டும், நாம் அவர்களுக்கு முன்னால் தரையில் உட்காருவோம் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சித்தப்பா யோசித்துவிட்டு, நாயனக்காரப் பெரியவரின் பழைய மாணவர்களுக்குப் போன் செய்தார். மூன்று பேர் மாலைக்குள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் இன்று மாவட்ட அரசு இசைப் பள்ளியில் ஆசிரியர். அவர்களிடம் ஒரு காசு வாங்காமல், வசந்த மண்டபத்தில் உட்கார வைத்து முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் பெரியவர். கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் தன் வீட்டில் அடுப்பெரிவதே பெரும்பாடாக இருந்தபோதும் பாடம் நின்றதில்லை. 2020-ல் கொரோனாவால் முகூர்த்தங்கள் எல்லாம் நின்றுபோனபோது, அந்த மாணவர்கள்தான் மாதாமாதம் அரிசி அனுப்பியிருக்கிறார்கள்.

நாயனக்காரப் பெரியவருக்கு மாவட்டக் கலை மன்றத்தின் கலை முதுமணி விருது உண்டு. 18 வயதுக்குள் கலை இளமணி, பிறகு வளர்மணி, சுடர்மணி, நன்மணி, 66 வயதுக்கு மேல் முதுமணி என்று அந்த விருதுகளுக்கு வரிசை இருக்கிறது. நல்ல ஏற்பாடு. சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். ஆனால் நான் எழுதிய பக்கத்தில் அதற்கு ஒரு வரிதான் கொடுத்தேன். மீதி முழுதும் வசந்த மண்டபம்.

தவில்காரரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அவர் கைகளைத்தான் எழுதத் தோன்றியது. வலது கை விரல்களில், துணி சுற்றிப் பசை தடவிக் காயவைத்த கூடுகள் ஏறி இறங்கிய இடமெல்லாம் தோல் கொம்பாகிவிட்டது. இடது உள்ளங்கையில் பூவரசங்கழி பதிந்த தடம். பலா மரத்தைக் குடைந்த அந்தத் தவிலைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் போனவர். இல்லாதவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பணம் பேச மாட்டார். இது ஊருக்குத் தெரியும். எத்தனை வீடு என்று கணக்கில்லை. கூட்டத்தில் நான் இதைப் படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து வந்தார். "என் கல்யாணத்துக்கு இவருக்குத் தேங்காய் பழம்தான் கொடுத்தோம்" என்று சொல்லி, முடிச்சிலிருந்த நூறு ரூபாயை எடுத்து அவர் கையில் வைத்து மூடினார். அவர் வாங்க மறுக்கவில்லை. மறுத்தால் அந்த அம்மா எவ்வளவு வருந்துவார் என்று தெரிந்தவர்.

தாளக்காரர் தன்னைப் பற்றி எதுவும் எழுத விடவில்லை. அவர் பேச்சைத் தட்ட முடியாமல் நான்கு வரியோடு விட்டேன். இன்னும் கெஞ்சியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒத்துக்காரர். படிக்க வேண்டிய தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, துணியைப் பிரித்து ஒத்தை அவர் கைகளில் கொடுத்தேன். பேசவில்லை. முதலில் அணசைத் தொட்டார். பிறகு உலவு முழுக்கக் கட்டைவிரலால் தடவி, கீறல் அடைத்த இடத்தில் நிறுத்தினார். கண்டுபிடித்துவிட்டார். "பழைய மரம்" என்றார். சீவாளியை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடினார். ஐந்து நிமிடம் இருக்கும். நூற்றைம்பது பேர் சத்தமில்லாமல் காத்திருந்தோம்.

மாணவர்கள் சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டார்கள், யாரும் சொல்லவில்லை.

முதல் ஊதலில் காற்றுதான் வந்தது. இரண்டாவதில் பிசிறு. மூன்றாவதில் சட்ஜம் பிடித்தது. அதன் மேல் இசைப் பள்ளி ஆசிரியர் கல்யாணி ஆலாபனையைத் தொடங்கினார். ஒத்தின் ஒலி பெட்டியின் ஒலியைப் போலச் சமதளமாக இல்லை. அதற்குள் மூச்சு இருக்கிறது. ஒரு மூச்சு இன்னொன்றுக்கு இடம் கொடுக்கும்போது ஓசை மிக இலேசாகத் தடித்து மீள்கிறது, கோயில் விளக்கில் திரியைத் தூண்டும்போது சுடர் செய்வதைப் போல. நாயனம் அந்த மீட்சியைக் கேட்டு நின்று, அடுத்த சங்கதிக்குப் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாயனக்காரப் பெரியவர் மேடையைப் பார்க்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாகத் தன் இடது தோளுக்குப் பின்னால் கேட்ட ஒலி வேறொரு பக்கத்திலிருந்து வருவதால், அந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

ஏறத்தாழ நான்கு நிமிடம். பெரியவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. ஊதியபடியே பக்கத்தில் நின்ற பையனைக் கண்ணால் கூப்பிட்டார். மாணவர் ஒருவருடைய மகன், பன்னிரண்டு வயது. ஒத்தை அவன் வாயில் வைத்து, இரண்டு விரலால் அவன் கன்னத்தை அழுத்திக் காற்றை எங்கே தேக்க வேண்டும் என்று காட்டினார். பையன் ஊதினான். அறுந்தது. மறுபடி ஊதினான், மறுபடி அறுந்தது. அறுந்த இடத்திலெல்லாம் பெரியவர் வாயை மூடிச் சுருதி பிடித்தார். கல்யாணி நிற்கவில்லை.

சித்தப்பா எனக்குப் பக்கத்தில் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். விழா முடியும் வரை எழுந்திருக்கவில்லை. விருந்தினர்களைக் கவனிக்க நான்தான் போக வேண்டியதாயிற்று.

ஐந்தாம் நாள், திங்கள்

விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மின்மேளம் அடித்து ஓய்ந்திருந்தது. விடைபெறலாம் என்று ஒத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். பையன் அங்கேதான் இருந்தான். பள்ளிக்கூடம் எட்டரைக்குத்தான் என்று, கேட்காமலே எனக்குச் சொன்னான். திண்ணையில் ஒரு சொம்புத் தண்ணீர், அதில் ஒரு வைக்கோல் தாள். தண்ணீரில் குமிழி நிற்காமல் வரும்படி ஊத வேண்டும், மூச்சு இழுக்கும்போதும் குமிழி நிற்கக் கூடாது. இதுதான் முதல் பாடமாம். அவன் கன்னம் சிவந்திருந்தது.

பெரியவர் சீவாளிகளில் ஒன்றை எடுத்துக் காட்டினார். நான்கில் இது ஒன்றுதான் பையனுக்குச் சேருகிறதாம், மற்றவை தனக்குத்தான் பொருந்துமாம். அடுத்த மாதம் வரும்போது இதைப் போல இன்னும் மூன்று, கொஞ்சம் இளசாகக் கட்டியது வாங்கி வர வேண்டும்.

"எந்த வயதுப் பிள்ளைக்கு என்று கேட்பார்கள், தம்பி. பன்னிரண்டு என்று சொல். பல் எல்லாம் இருக்கிறது என்று சொல்."

குறித்துக்கொண்டேன். மாதிரிக்கு அந்தச் சீவாளியைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து மூடிக் கொடுத்தார். சட்டைப் பையில் இருக்கிறது.